பூசணி விளக்கு, ஊதுவத்தி, பம்புசெட் தொட்டி: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சில நாட்கள்

2025 ஜூன் 17, செவ்வாய். தர்மபுரி

தொப்பூர்க் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே பழுதாகி நின்றுவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி மலைச்சரிவில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். தர்மபுரி வந்து சேர மாலை நான்காகிவிட்டது. கும்பகோணத்தில் விட்டுவிட்டு வந்த வெயில் இங்கே இல்லை. மேகமும் காற்றுமாக, சேலையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது.

வந்த காரணம் ஆளுக்கு ஒன்று. தம்பியின் நில வழக்கு முடிந்தால் அதியமான்கோட்டைக் காலபைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியில் பூசணி விளக்கு ஏற்றுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். வழக்கு முடிந்தது. அம்மாவுக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை, அதனால் நான். எஸ்தருக்குப் பர்கூர்ப் பக்கம் அக்கா இருக்கிறார். அக்கா மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அலுவலகத்தில் எங்கள் மேசைகள் அடுத்தடுத்து இருப்பவை. விடுப்பையும் சேர்ந்தே எடுத்தோம்.

எஸ்தர் பெந்தெகொஸ்தே சபை. நகை கிடையாது, பொட்டு கிடையாது, பூ கிடையாது, படைத்த எதையும் வாயில் வைப்பது கிடையாது. நானோ குங்குமம் இல்லாமல் தபால்காரரிடம்கூடக் கையெழுத்துப் போடாதவள். இப்படி இரண்டு பேர் ஒரே அறை கேட்டதும் லாட்ஜ்காரர் எங்கள் ஆதார் அட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“உறவா?”

“தோழிகள்.”

“அவர்கள் கிறிஸ்தவரா? பொட்டு இல்லையே என்று பார்த்தேன். வீட்டுக்காரர்…?”

“திருச்சியில் நன்றாக இருக்கிறார்” என்றாள் எஸ்தர்.

அதோடு விடவில்லை. அறையில் பாட்டு, ஜெபம் என்று சத்தம் கூடாது என்றார். வாடகை 1,100 ரூபாய், வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை. இந்த விசாரணைக்குத் தனிக் கட்டணம் இல்லை.

இரவுச் சாப்பாடு ஒரு தள்ளுவண்டியில். ராகிக்களி, கீரைக் கடைசல், விருப்பப்பட்டால் கருவாட்டுக் குழம்பு. களி உருண்டை 25 ரூபாய். வண்டிக்கார அம்மா கரண்டியை எடுக்குமுன் கேட்டார்: “செவ்வாய்க்கிழமை. கவிச்சி சாப்பிடுவீர்களா?” நான் இல்லை என்றேன், எஸ்தர் ஆமாம் என்றாள். என் தட்டுக்கு ஒரு கரண்டி, அவள் தட்டுக்கு வேறு கரண்டி. இரண்டும் வெவ்வேறு பாத்திரங்களில் கிடந்தன.

அந்த அம்மாவின் தலைக்குள் ஒரு பஞ்சாங்கமே இருக்கிறது. செவ்வாய், வெள்ளி தொடாதவர்கள், சனிக்கிழமை மட்டும் தொடாதவர்கள், கிருத்திகைக்காரர்கள், புரட்டாசி முழுவதும் விட்டுவிடுகிறவர்கள். நோன்பு மாதத்தில் விடிவதற்கு முன்பே களி கேட்டு வரும் ஒரு பாய்க்காக அந்த ஒரு மாதம் மட்டும் அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பைப் பற்ற வைப்பாராம். “அவர் ஒருத்தருக்காகவா?” என்றேன். “ஒருத்தர் வந்தால் அடுப்பு எரியாதா?” என்றார். யார் எதை எந்தக் கிழமையில் சாப்பிட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும், தொழில். ஏன் சாப்பிட மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள அவருக்குத் துளியும் ஆவல் இல்லை. லாட்ஜ்காரரை இந்த வண்டியில் ஒரு மாதம் வேலைக்கு விட வேண்டும்.

களியை மென்று தின்ற என்னைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர் சிரித்தார். கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டுமாம்.

ஜூன் 18, புதன். அதியமான்கோட்டை

அஷ்டமி மதியத்துக்கு மேல்தான் பிறக்கிறது. காலையில் தர்மபுரிக் கோட்டைக் கோயிலுக்குப் போனோம். நுளம்பர் காலத் தூண்கள் கறுப்பாக, கடைந்து எடுத்தவைபோல வழவழவென்று நிற்கின்றன. தரையைத் தொடாமல் நிற்கும் தூணுக்கு அடியில் எல்லோரும் துணியை விட்டு மறுபக்கம் இழுத்துப் பார்க்கிறார்கள். எஸ்தர் வெளித் திண்ணையில் உட்கார்ந்துகொண்டாள்.

நுளம்பர்கள் சிவனுக்குக் கோயில் எடுத்தவர்கள். அவர்கள் ஆண்ட ஒன்பதாம் நூற்றாண்டில் தகடூர் என்று அழைக்கப்பட்ட இதே தர்மபுரியில் வணிகர் மரபினர் ஒரு சமணப் பள்ளி கட்டியதையும், அதற்கு அரசன் ஆதரவு தந்ததையும் கல்வெட்டு சொல்கிறது. இதை வைத்து அது பொற்காலம் என்று நான் கதை கட்டப் போவதில்லை. சைவரும் சமணரும் மோதிக்கொண்ட கதைகளும் இதே தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. அரசன் நெற்றியில் ஒன்று இருக்க, கையெழுத்து வேறொன்றுக்கும் போடப்பட்டது என்பது மட்டும் கல்லில் இருக்கிறது.

மதியம் டவுன் பஸ்ஸில் அதியமான்கோட்டை. சேலம் சாலையில் பத்துக் கிலோமீட்டருக்குள்தான். பஸ் முழுக்கச் சாம்பல் பூசணி. மடியில், தோளில், காலடியில், ஜன்னல் ஓரத்தில். என் பூசணியைக் கோயில் வாசலில் 60 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்கார அம்மாவே இரண்டாக வெட்டி, விதையையும் சோற்றையும் வழித்தெடுத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டுக் கொடுத்தார். காற்று இரண்டு முறை அணைத்தது. வரிசை நீளம். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. போர்களுக்குப் போகுமுன் அதியமான் இந்தப் பைரவரிடம் வாளை வைத்து எடுத்துப் போவான் என்று வரிசையில் முன்னால் நின்றவர் சொன்னார். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான்தான்.

இந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வெளியே நடந்ததுதான் இன்றைய நாளின் முக்கியமான சங்கதி. எஸ்தர் பிறகு சொன்னதை எழுதுகிறேன்.

பூசணிக் கடைக்கு எதிரே ஒரு பெஞ்ச். அதில் கறுப்புச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் இருந்திருக்கிறார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மாதம் தவறாமல் மனைவியோடு வருகிறார். பூசணியை வாசல்வரை அவரே தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பார். உள்ளே போக மாட்டார். இளம் வயதிலேயே பெரியார் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியவர். 1967இல் சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லும் என்று ஆன பிறகு, ஐயர் இல்லாமல், மாலை மட்டும் மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவர். மனைவிக்கு அதில் அன்றைக்கும் பெரிய திருப்தி இல்லையாம்.

“நீங்கள் ஏன் உள்ளே போகவில்லை?” என்று அவர் எஸ்தரைக் கேட்டிருக்கிறார். “எங்கள் நம்பிக்கை இல்லை” என்றிருக்கிறாள். “எனக்கும் இல்லை. ஆனால் உங்களுக்கு வேறொன்று இருக்கிறதே, அதுவும் எனக்கு இல்லை” என்று அவர் ஆரம்பித்துவிட்டார். அரை மணி நேரம் கடவுள் இல்லை என்று அவர் நிரூபித்தார். எஸ்தர் தன் பையிலிருந்து சுவிசேஷத் துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவர் ஒரு கூட்டத்து நோட்டீஸை நீட்டினார். இவள் வாங்கவில்லை. பிறகு இருவரும் டீ சாப்பிட்டார்கள். காசை அவர் கொடுத்தார்.

அப்போது ஒருவர் வாளி நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்திருக்கிறார். தொன்னையை நீட்ட, எஸ்தர் கைகூப்பி வேண்டாம் என்றாள். “சர்க்கரை வியாதியா?” “இல்லை, நான் சாப்பிடுவதில்லை.” அவர் ஒரு விநாடி நின்று, “அப்போது தண்ணீராவது” என்று தண்ணீர்ப் பாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். பின்னால் வந்த ஒரு பெண்தான் சண்டைக்கு வந்திருக்கிறார். சாமி பிரசாதத்தை வேண்டாம் என்கிறவர் கோயில் வாசலில் எதற்கு உட்கார வேண்டும் என்று.

அந்தப் பெண்ணின் வருத்தம் எனக்குப் புரிகிறது. கையில் வைத்து நீட்டிய பொங்கலை மறுத்தால் பொங்கல் கொடுத்தவரையே மறுத்தது மாதிரிதான் நம் ஊரில். ஆனால் எஸ்தருக்கு அது பொங்கலைப் பற்றிய விஷயம் அல்ல. படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்பது பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே இருக்கிற பழைய வழக்கு. ‘இது படைக்கப்பட்டது’ என்று ஒருவர் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சியை உத்தேசித்துச் சாப்பிடாதே என்கிறார் அவர். இரண்டாயிரம் ஆண்டாகத் தீராத வழக்கை ஒரு தொன்னை பொங்கல் தீர்த்துவிடாது.

சண்டைக்கு வந்த பெண்ணிடம் எஸ்தருக்காகப் பேசியவர் கறுப்புச் சட்டைக்காரர். அவர் சொன்ன வழக்கு இது. கேரளத்தில் 1985இல் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. கடவுளைத் தவிர எதையும் துதிக்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்டில் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு. அந்த நம்பிக்கை நம் அறிவுக்கோ உணர்வுக்கோ ஒத்துவருகிறதா என்பது கேள்வியே அல்ல, அவர்கள் அதை மனதார நம்புகிறார்களா என்பதுதான் கேள்வி என்று அதில் இருக்கிறது.

“அப்போது நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்தப் பிள்ளைகள் நம்பியது எனக்கு அபத்தமாகத்தான் பட்டது, இப்போதும் அப்படித்தான்” என்றாராம். “ஆனால் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் மனச்சாட்சிச் சுதந்திரமும் இருக்கிறது. அதை நம்பித்தான் நானும் இந்தச் சட்டையோடு இந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.”

நான் வெளியே வந்தபோது அவர் மனைவியும் வந்தார். நெற்றி நிறைய விபூதி. அவர் கைக்குட்டையால் மனைவியின் புடவையில் சிந்தியிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே, “இன்றைக்கு என்ன கேட்டாய்?” என்றார். “உங்களுக்குச் சர்க்கரை குறைய வேண்டும் என்று.” “மாத்திரையைக் கூட்டியிருக்கிறார் டாக்டர், அதற்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டாயா?” இப்படியே பேசிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். நாற்பது ஐம்பது ஆண்டாக இதுதான் பேச்சு என்று தோன்றியது.

ஜூன் 19, வியாழன். கிருஷ்ணகிரி

வழியில் காவேரிப்பட்டணத்தில் இறங்கி நிப்பட் வாங்கினோம். கால் கிலோ 60 ரூபாய். கடலையும் எள்ளும் போட்டுத் தட்டிய காரமான தட்டை. பஸ்ஸிலேயே பாதி தீர்ந்துவிட்டது.

2004இல் தர்மபுரியிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. பஸ் நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். டீக்கடைக்காரர் நான்கிலும் சில்லறை இல்லை என்கிறார். டீ 15 ரூபாய்.

மாலை நான்கு மணிக்குச் சையத் பாஷா மலை ஏறினோம். விஜயநகரக் காலத்துக் கோட்டை, பிறகு ஐதர், திப்பு கையில் இருந்தது. 1791இல் மாக்ஸ்வெல் தலைமையில் கும்பினிப் படை (கிழக்கிந்தியக் கம்பெனியின் படை) இதைப் பிடிக்க வந்து முடியாமல் திரும்பியது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்தப் பகுதி அடங்கிய பாராமகால் முழுவதும் கும்பினிக்குப் போனபோது கோட்டையும் சேர்ந்து போனது. ஏறும்போது மாக்ஸ்வெல் மீது எனக்கு இரக்கமே வந்துவிட்டது. படி என்று இருப்பது பாதி தூரம் படி, பாதி தூரம் பாறை. நடுவில் தூறல் பிடித்துக்கொள்ள, என் செருப்பின் வார் அறுந்தது. மீதி மலையை வெறுங்காலில் ஏறினேன். மலையில் தர்கா இருப்பதால் வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள் இறங்கி வந்தவர்கள். வழிவிட்டார்கள். நானும் திருத்தவில்லை.

எங்களோடு ஏறிய பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பிளாஸ்டிக் பையில் ஊதுவத்தி, சர்க்கரைப் பொட்டலம். “வேண்டுதலா தம்பி?” என்றேன்.

“நானி அனுப்பியது அக்கா. அவர்களுக்கு ஏற முடியாது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.”

தர்காவில் போய்க் கேட்பது மார்க்கத்தில் இல்லை, அல்லாவிடம்தான் நேரே கேட்க வேண்டும் என்று நினைக்கிறவன் அவன். இதற்காக வீட்டில் பாட்டியோடு தினம் வாக்குவாதமாம். நேற்று இரவும் நடந்திருக்கிறது. இன்று காலையில் பாட்டி பொட்டலத்தைக் கையில் வைத்திருக்கிறார்.

“தூக்கிக்கொண்டு வருவது உங்களுக்குத் தப்பில்லையா?” எஸ்தர் கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே பதில் தெரிய வேண்டியிருந்தது.

“அது எனக்கும் அல்லாவுக்கும் உள்ள கணக்கு. நானிக்கு முட்டி வலி.”

நான் வாயைத் திறக்கவில்லை. நேற்றுப் பூசணி வெட்டிய எனக்கும் அந்தப் பொட்டலத்துக்கும் நிறையவே ஒற்றுமை இருந்தது.

தர்காவில் ஒரு பெரியவர் ஓதிக்கொண்டிருந்தார். இரவில் அலறி எழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண் கழுத்தில் மஞ்சள் கயிறு. பெரியவர் ஓதி ஊதிவிட்டார். ஊர் பெயர்கூடக் கேட்கவில்லை. எத்தனை நாளாக, பால் குடிக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று மூன்றே கேள்வி. காய்ச்சல் இருந்தால் முதலில் டாக்டரிடம் போ என்றார். பையன் “நானி அனுப்பினார்கள்” என்று பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு நான்கடி தள்ளிப் போய் நின்றான். பாத்தியா ஓதிச் சர்க்கரையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இறங்கும்போது அதைச் சாப்பிடுவாயா என்று கேட்டேன். “மாட்டேன் அக்கா. ஆனால் வழியில் கொட்டிவிட்டுப் போய், நானியிடம் பொய் சொல்லவும் மாட்டேன்.” மழையில் கரையாமல் இருக்கப் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்திருந்தான்.

செருப்புத் தைக்க 30 ரூபாய். காலில் முள் எடுத்தது இலவசம், எஸ்தர்.

ஜூன் 20, வெள்ளி. அணை

உடம்பு வலி. மதியம்வரை படுத்துக் கிடந்தோம். ஒகேனக்கல் போகவில்லையா என்று கைப்பேசியில் கேட்ட எல்லோருக்கும்: போகவில்லை.

மாலையில் கிருஷ்ணகிரி அணை. தென்பெண்ணைத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு கொஞ்சம் நாற்றத்தோடு வருகிறது. அணையோரத்துக் கடைகளில் மீன் வறுவல், தட்டு 120 ரூபாய். எஸ்தருக்கு மீன், எனக்கு வெள்ளிக்கிழமை. பக்கத்திலேயே மிளகாய் பஜ்ஜி கிடந்தது, கைநீட்டினேன். கடைக்காரர் என் நெற்றியைப் பார்த்தார். “அம்மா, இது மீன் பொரித்த எண்ணெய். வெள்ளிக்கிழமை பார்ப்பவர்களாக இருந்தால் வேண்டாம்.” சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது, அவருக்கு 40 ரூபாய் கிடைத்திருக்கும். இரண்டு கடை தள்ளிச் சுண்டல் கிடைக்கும் என்று வழியும் காட்டினார்.

ஜூன் 21, சனி. பர்கூர்ப் பக்கம்

எஸ்தரின் அக்கா வீடு மாந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு சிற்றூர். அக்காவின் கணவர் சபையில் சேரவில்லை, ஊர் மாரியம்மனுக்கு வரி கொடுக்கிறார். மகன் சாமுவேலுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஞானஸ்நானம் எடுக்கப் போவதாக அவனாகவே சொன்னானாம். அப்பாவிடம் சம்மதம் கேட்டபோது, “உனக்கு மீசை வந்துவிட்டது, என்னை ஏன் கேட்கிறாய்” என்றிருக்கிறார். அது சம்மதமா கோபமா என்று அக்காவுக்கு இன்னும் தெரியவில்லை.

இங்கே எல்லாம் இனிப்பாக இல்லை. சபைக்குத் தனிக் கட்டடம் கிடையாது, இந்த வீட்டுக் கூடத்தில்தான் கூடுகிறார்கள். பாட்டுச் சத்தம் அதிகம் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் ஒலிபெருக்கியை எடுத்துவிட்டார்கள். இப்போது கைத்தட்டல் மட்டும். சத்தம் அதிகம் என்று சொல்வதில் தப்பில்லை. 2000ஆம் ஆண்டில் வந்த மத்திய அரசின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. ஆனால் ஊர்த் திருவிழாவில் விடியற்காலை நாலரை மணிக்குக் கூம்பு ஒலிபெருக்கி அலறும்போது அதே பக்கத்து வீட்டுக்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். என் ஊரிலும் இதே கதைதான், மார்கழியில் என் தூக்கமும் போகும். போய்க் கேட்டவர் யாரும் இல்லை. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் மட்டும் மெதுவாகப் பாட வேண்டும் என்பதற்கு மரியாதை என்று பெயர் இல்லை.

கிருஷ்ணகிரி நகரத்தில் வாடகை வீடு தேடியபோது கிடைத்த பதில்களையும் அக்கா சொன்னார். ‘அசைவம் கூடாது’ என்று ஆரம்பித்து வேறெங்கோ போய் முடியும் பதில்கள். அவற்றை விட்டுவிடுகிறேன், எந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கும் தெரிந்தவை.

மாலையில் தொட்டியைப் பார்க்கப் போனோம். பெந்தெகொஸ்தேயில் தலையில் தண்ணீர் தெளிப்பது இல்லை, ஆளே முழுகி எழ வேண்டும். அதற்கு இடுப்பளவு தண்ணீர் தேவை. பக்கத்துத் தோப்புக்காரர் பம்புசெட் தொட்டியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தெலுங்கு பேசும் குடும்பம், விநாயகர் படம் போட்ட டிராக்டர். இரண்டு நிபந்தனை: சோப்புப் போடக் கூடாது, தொட்டிப் பக்கம் செருப்போடு வரக் கூடாது. ஏனென்றால் தொட்டியிலிருந்து பத்தடியில் வேப்பமரத்தடியில் வேடியப்பன் நிற்கிறார்.

வேடியப்பன் என்றால் நடுகல். இடுப்பளவு உயரப் பலகைக் கல்லில் வில்லேந்திய வீரன், மஞ்சள் பூசி, வேட்டி சுற்றி. ஆநிரை மீட்கப் போய் இறந்த வீரர்களுக்கு எடுத்த கற்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஏராளம். பல இடங்களில் ஊர்க்காரர்கள் அவற்றை வேடியப்பனாகக் கும்பிடுகிறார்கள். பழமைக்குப் பஞ்சமில்லாத பகுதி இது. இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். தோப்புக்காரரிடம் கல்லைப் பற்றிக் கேட்டேன். “ஆராய்ச்சிக்காரர்கள் வந்து மஞ்சளைக் கழுவிவிட்டு, மை தடவிப் படியெடுத்துப் போனார்கள். போகும்போது திரும்ப மஞ்சள் பூசிவிட்டுத்தான் போனார்கள், நல்ல பிள்ளைகள்” என்றார்.

பிறகு மாங்காய் விலைக்குப் போய்விட்டார். கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மாங்காயைக் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்கிறார்களாம். பறிக்கிற கூலிக்கே காணாது என்று மரத்திலேயே விட்டிருந்தார். தோப்பு முழுவதும் அழுகிய வாசனை.

ஜூன் 22, ஞாயிறு. தொட்டி

காலை ஏழு மணிக்குத் தொட்டியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். மும்முனை மின்சாரம் இரவில் வரவில்லை. ஆட்கள் நாற்பது பேர் கூடிவிட்டார்கள், போதகர் வெள்ளைச் சட்டையில் நிற்கிறார், சாமுவேல் குளிரில் நடுங்குகிறான். மின்சாரம் வந்து தொட்டி நிறைய ஒன்பதரை ஆனது.

இந்த இரண்டரை மணி நேரம் சும்மா போகவில்லை. ஓசூரிலிருந்து வந்திருந்த ஒரு அத்தை, விக்கிரகத்தின் கண்முன்னே ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பது, ஒரு சேலையையாவது குறுக்கே கட்டுங்கள் என்றார். இரண்டு பேர் சேலையும் எடுத்துவிட்டார்கள். அக்காவின் முகம் வெளுத்தது. தோப்புக்காரர் மோட்டார் கொட்டகையில் இருந்தார், கவனித்தாரா தெரியாது. அவருடைய அம்மா, எல்லோரும் அவ்வா என்று கூப்பிடும் எண்பது வயதுக் கிழவி, வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

போதகர் நேரே அவரிடம் போனார். “அவ்வா, எங்களில் சிலருக்கு மனது இடறுகிறது. ஒரு துணி கட்டினால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமா?”

“கட்டாதே” என்றார் அவ்வா. தமிழும் தெலுங்குமாக ஒரு பேச்சு. “அவன் எந்தக் காலத்திலிருந்தோ வெயிலிலும் மழையிலும் நிற்கிறான். நேற்று வந்த சேலை எதற்கு? உங்கள் பையன் முழுகி எழுவதை அவனும் பார்த்துவிட்டுப் போகட்டும். உங்களுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் திரும்பிக்கொள்ளுங்கள்.”

போதகர் திரும்பி வந்து எல்லோரையும் தொட்டியின் மறுபக்கம் கிழக்கு பார்த்து நிற்கச் சொன்னார். வேடியப்பன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார். அத்தை முணுமுணுத்துக்கொண்டே இடம் மாறினார். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. கல்லை மூடுவது கல்லின் சொந்தக்காரரை அவமதிப்பது. வணங்கச் சொல்லியிருந்தால் வந்தவர்களை அவமதிப்பது. திரும்பி நிற்பதில் யாருக்கும் எதுவும் குறையவில்லை. நான் எந்தப் பக்கம் நிற்பது என்று குழம்பி, மோட்டார் கொட்டகை ஓரம் நின்றுகொண்டேன்.

“உன் சொந்த விருப்பத்தோடு வருகிறாயா?” என்று போதகர் கேட்டார். “ஆமாம்” என்றான் சாமுவேல். முழுகி எழுந்தான். மூக்கில் தண்ணீர் ஏறி நீண்ட நேரம் இருமினான். அப்பா துண்டோடு தொட்டியருகே நின்றிருந்தார். ஏறி வந்தவன் தலையைத் துவட்டி, “காதைத் துடை, ஜலதோஷம் பிடிக்கும்” என்றார்.

போதகர் தோப்புக்காரரிடம் ஒரு கவரை நீட்டினார். “மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், தண்ணீர் மழை கொடுத்தது. இதற்கு நான் எப்படிக் காசு வாங்குவது?” என்று அவர் வாங்கவில்லை. “உங்கள் ஆட்களை மாம்பழம் வாங்கச் சொல்லுங்கள், அது போதும்.” கிலோ 20 ரூபாய்க்குச் செந்தூரா, நாற்பது பேரும் வாங்கினார்கள். சேலை கட்டச் சொன்ன அத்தைதான் அதிகம், பத்துக் கிலோ.

மதியம் கோழி பிரியாணி. தோப்புக்காரர் உட்கார்ந்து சாப்பிட்டார், இரண்டாம் முறையும் வாங்கினார். அவ்வாவுக்கு என்று அக்கா தனியாகச் சோறு வடித்து, பருப்பும் புளிக்குழம்பும் வைத்திருந்தார். அவ்வா தொடவில்லை. ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டு, “வயிறு சரியில்லை கண்ணு” என்றார். காலையில் வரப்பில் உட்கார்ந்து நிப்பட்டைக் கடித்துக்கொண்டிருந்த வயிறு.

பஸ்ஸில் எஸ்தரிடம் கேட்டேன். “அது விரதமா, இல்லை உங்கள் அக்கா வீட்டில் சாப்பிட மாட்டாரா?”

“மாட்டார். அக்கா அங்கே குடிபோன நாளிலிருந்து அப்படித்தான். அது மதம் இல்லை மீனா, உனக்கே தெரியும்.”

“உங்கள் அக்கா கேட்டதே இல்லையா?”

“கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டி வரும். பதில் வந்தால் தொட்டி இல்லை.”

காரணம் கேட்காத நாகரிகத்தை ஐந்து நாளாக எழுதிக்கொண்டிருந்த எனக்கு, அந்த நாகரிகத்தின் நிழலில் இதுவும் உட்கார்ந்திருப்பது நன்றாகத் தெரிந்தது. வேடியப்பனுக்குச் சேலை வேண்டாம் என்ற அவ்வாவும், பருப்புச் சோற்றைத் தொடாத அவ்வாவும் ஒரே அவ்வாதான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. எஸ்தரும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

தொப்பூர் இறக்கத்தில் டிரைவர் போட்ட பிரேக்கில் மேலே வைத்திருந்த பை சரிந்து, செந்தூராவில் பாதி நசுங்கி, முன் இருக்கைக்காரரின் தோளில் சாறு வழிந்தது. புதுச் சட்டை. இருவரும் எழுந்து துடைத்துவிட்டு, நசுங்காததில் நான்கு பழம் கொடுத்தோம். முறைத்துக்கொண்டே வாங்கி, ஒன்றை அங்கேயே கடித்தார்.